மாட்டிவிட்டு வந்த பெட்டி தானாக எழுந்து ஓடணும்: எம்பெடட் லினக்ஸ் கேள்வி பதில்

எம்பெடட் லினக்ஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்த பெட்டிக்குள் ஓடுகிற லினக்ஸ். இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் நம்ம நெல்லைச் சீமையில் இருந்து வந்தவை. பம்ப்செட், காற்றாலை, வாழைத்தோட்டம், கல்லூரி ஆய்வகம் என்று இடம்தான் வேறு, கேட்கிற விஷயம் ஒன்றுதான்: மேசையில் ஒழுங்காக ஓடிய புரோகிராம், இடத்தில் கொண்டுபோய் மாட்டியதும் ஏன் படுத்துவிடுகிறது? எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் தானாக எழுந்து வேலையைத் தொடராத பெட்டி, இன்னும் முடியாத வேலைதான். எத்தனை அழகான கோடு எழுதியிருந்தாலும் சரி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பிடிவாதத்தில் இருந்து வருபவை.

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது. சி மொழியில் எழுதி, ஆர்ம் கிராஸ் கம்பைலரில் (லேப்டாப்பில் இருந்தே போர்டின் ஆர்ம் பிராசசருக்குக் கட்டுகிற கம்பைலர்) கம்பைல் பண்ணி, போர்டுக்கு காப்பி பண்ணினேன். லிஸ்ட் எடுத்துப் பார்த்தால் ஃபைல் இருக்கிறது. ஓடவிட்டால் 'அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை' என்கிறது. பெர்மிஷன் எல்லாம் கொடுத்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஃபைலை இல்லை என்று சொன்னால் நான் என்னதான் செய்ய?
— மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, போர்டு இல்லை என்று சொல்வது உங்கள் ஃபைலை அல்ல. அந்த ஃபைலை ஏற்றி ஓட்டவேண்டிய லோடர் அங்கே இல்லை, அதைத்தான் சொல்கிறது. சொல்கிற விதம் எல்லாரையும் குழப்புகிறது. டைனமிக்காக லிங்க் ஆன, அதாவது ஓடும்போது லைப்ரரிகளைச் சேர்த்துக்கொள்கிற, எந்த புரோகிராமுக்குள்ளும் 'என்னை இன்ன லோடர்தான் ஏற்ற வேண்டும்' என்று ஒரு பாதை எழுதியிருக்கும். உபுண்டுவின் கிராஸ் கம்பைலர் அந்த இடத்தில் ஜிலிப்சி என்கிற சி லைப்ரரியுடைய லோடரின் பெயரை எழுதிவிடும். உங்கள் போர்டில் இருக்கிற இமேஜ் (போர்டில் எழுதிய முழு சிஸ்டம்) மஸ்ல், யூசிலிப்சி என்று வேறு சி லைப்ரரி வைத்துச் செய்ததாக இருந்தால், அந்தப் பெயரில் அங்கே ஒன்றும் கிடையாது. லினக்ஸின் மையமான கெர்னல் தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, 'இல்லை' என்று திருப்பிவிடுகிறது, ஷெல் அதை உங்கள் புரோகிராம் பெயரோடு சேர்த்துக் காட்டுகிறது. முழுக்க 64 பிட்டாக உள்ள இமேஜில் 32 பிட் புரோகிராமை ஓட்டினாலும், ஹார்ட் ஃப்ளோட் (தசமக் கணக்கை ஹார்ட்வேரிலேயே செய்கிற) இமேஜில் சாஃப்ட் ஃப்ளோட் புரோகிராமைக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் இதே செய்திதான் வரும். பிராசசரே வேறு என்றால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று வேறு மாதிரி சொல்லும்.

லேப்டாப்பிலேயே 'ஃபைல்' என்ற கட்டளையை உங்கள் புரோகிராம் மேல் ஓட்டுங்கள். எந்த பிராசசருக்கானது, இன்டர்ப்ரட்டர் எது என்று ஒரே வரியில் காட்டிவிடும். அப்புறம் போர்டில் லிப் டைரக்டரிக்குள் போய் எல்டி என்று தொடங்குகிற பெயர்களைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் அதுதான்.

அந்தப் பெயரில் ஒரு லிங்க் போட்டு லோடரை ஏமாற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். மஸ்லும் ஜிலிப்சியும் உள்ளுக்குள் வேறு வேறு. முதலில் ஓடுகிற மாதிரி தெரியும், அப்புறம் எங்கேயோ ஒரு இடத்தில் விழும், அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் செமஸ்டர் போகும்.

இதைத் தாண்டியதும் அடுத்து ஒன்று நிற்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை'. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில் த்ரெட் லைப்ரரியை எல்லாம் மூல லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஜிலிப்சியோடு லிங்க் ஆன புரோகிராம் பழைய ஜிலிப்சியில் ஓடாது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35, டெபியன் 11-ல் இருப்பது 2.31. லேப்டாப் புதுசு, போர்டு பழசு என்றால் இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். போர்டின் இமேஜை எது உருவாக்கியதோ அதே இடத்தில் இருந்து வந்த எஸ்டிகேயை (கம்பைலரும் லைப்ரரிகளும் சேர்ந்த தொகுப்பு) வைத்துக் கட்டுங்கள். இமேஜ் கட்டுகிற கருவிகளான பில்ட்ரூட்டிலும் யோக்டோவிலும் எஸ்டிகேயைத் தனியாக எடுத்துக்கொடுக்க வழி இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் அந்த இமேஜைப் போட்டவர் யார், எங்கிருந்து எடுத்தார் என்று முதலில் கேளுங்கள், கோடு எழுதுவது அப்புறம். போர்டில் டெபியன் வகை இமேஜ் என்றால் அதே பதிப்பின் கன்டெய்னருக்குள் (லேப்டாப்புக்குள்ளேயே தனியாக ஓடுகிற சூழல்) வைத்துக் கட்டினால் போதும். இன்னொன்று: போர்டுக்குப் போகிற பிரதியில் மட்டும் ஸ்ட்ரிப் பண்ணுங்கள், அதாவது டிபக் விவரத்தை நீக்குங்கள். டிபக் விவரம் உள்ள பிரதி லேப்டாப்பில் இருக்கட்டும். போர்டில் ஜிடிபி என்கிற டிபக்கரின் சர்வரை ஓடவிட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கலாம். பிரின்ட் போட்டுத் தேடுகிற நேரம் மிச்சம்.

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு கல்லிடைக்குறிச்சி பக்கம் வயல். ராஸ்பெர்ரி பை 4 என்கிற சின்ன லினக்ஸ் போர்டு வைத்து மோட்டார் கன்ட்ரோலர் செய்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். போனில் இருந்தே மோட்டார் போடலாம், கிணற்றுத் தண்ணீர் மட்டமும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. மெமரி கார்டு செத்துப்போகிறது. புதுக் கார்டு போட்டால் மறுபடியும் அதே கதை. அப்பா, 'பழைய ஸ்டார்ட்டரே போதும்லே, உன் பொட்டியை எடுத்துட்டுப் போ' என்கிறார்.
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கார்டு.

கரண்ட் போகிற நொடியில் கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் அந்த ஒரு ஃபைல்தான் கெடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கார்டுக்குள் இருக்கிற சின்ன கன்ட்ரோலர், நாம் நாலு எழுத்து எழுதினாலும் உள்ளே ஒரு பெரிய பிளாக்கையே இடம் மாற்றி எழுதும். அந்த வேலை பாதியில் நின்றால் நீங்கள் தொடவே தொடாத ஃபைலும் போகலாம், லினக்ஸ் தொடங்கத் தேவையான ஃபைலும் போகலாம். அதனால் செய்யவேண்டியது, எழுதுவதையே குறைப்பது.

லினக்ஸின் ஃபைல்கள் எல்லாம் இருக்கிற ரூட் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடுங்கள். ராஸ்பெர்ரி பையின் கான்ஃபிக் மெனுவிலேயே ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் மாற்றங்கள் எல்லாம் ராமில் மட்டும் நடக்கும், கரண்ட் போனால் அழிந்துவிடும், கார்டு அப்படியே இருக்கும். லாக் முழுவதையும் ராமுக்கு மாற்றுங்கள். லாக் எழுதுகிற ஜர்னலின் செட்டிங்கில் அதற்கு ஒரு வரி போதும், எவ்வளவு ராம் எடுக்கலாம் என்ற வரம்பையும் சேர்த்துப் போடுங்கள். உண்மையிலேயே தங்கவேண்டிய தகவலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷன். கிணற்றுத் தண்ணீர் மட்டத்தை நொடிக்கு ஒரு தடவை கார்டில் எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை. ராமில் சேர்த்து வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எழுதினால் போதும், மட்டம் ஒன்றும் ஓடிப்போகாது.

எழுதுகிற விதமும் முக்கியம். இருக்கிற செட்டிங் ஃபைலைத் திறந்து அதன் மேலேயே எழுதாதீர்கள். பக்கத்தில் தற்காலிகப் பெயரில் புதிதாக எழுதி, எஃப்சிங்க் (எழுதியதைக் கார்டில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிற கட்டளை) கொடுத்து, அப்புறம் பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள், அந்த டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். நடுவில் எந்த நொடியில் கரண்ட் போனாலும் ஒன்று பழைய ஃபைல் முழுதாக இருக்கும், இல்லை புதியது முழுதாக இருக்கும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் பயன்படுத்தினால் வால் மோடில் (மாற்றத்தை முதலில் தனி லாகில் எழுதுகிற முறை) வையுங்கள். கார்டு வாங்கும்போது ஹை என்டியூரன்ஸ் என்று போட்டதாக, நம்பகமான கடையில் வாங்குங்கள். இதே மாதிரி பத்துப் பெட்டி செய்யப்போகிறீர்கள் என்றால் இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த சேமிப்புச் சிப்) உள்ள போர்டுக்கே போய்விடலாம்.

இப்போது யாரும் கவனிக்காத இன்னொரு திருடனுக்கு வருவோம்: வோல்டேஜ். மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதே லைனில் உங்கள் அடாப்டரும் தொங்கினால், உள்ளே வருகிற 5 வோல்ட் ஒரு கணம் குழியில் விழும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் ராஸ்பெர்ரி பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். கெட் த்ராட்டில்டு என்ற கட்டளை கொடுத்தால் சுழியம் வரவேண்டும். வேறு எண் வந்தால் உங்கள் கார்டைக் கொல்வதில் அடாப்டருக்கும் பங்கு இருக்கலாம். போன் சார்ஜரை எடுத்துவிட்டு, 90 முதல் 264 வோல்ட் வரை தாங்குகிற நல்ல எஸ்எம்பிஎஸ் போடுங்கள். சூப்பர் கெபாசிட்டரோ சின்ன பேட்டரியோ சேர்த்து, மெயின் கரண்ட் போனதை ஒரு பின்னில் உணர்ந்து, உடனே எழுதுவதை நிறுத்தச் சொன்னால் இன்னும் நல்லது.

புரோகிராமை சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸே தொடங்கிக் கவனித்துக்கொள்கிற மாதிரி) வையுங்கள், விழுந்தால் மறுபடி தொடங்கு என்று எழுதுங்கள். இதில் பலர் விழுகிற குழி ஒன்று உண்டு: பத்து நொடிக்குள் ஐந்து தடவை விழுந்தால் சிஸ்டம்டி அதோடு கைவிட்டுவிடும், அதுதான் இயல்பான அமைப்பு. வயலில் அது ஆகாது. அந்த வரம்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் சில நொடி இடைவெளி கொடுங்கள். ஹார்ட்வேர் வாட்ச்டாகையும் (துடிப்பு நின்றால் பெட்டியை ரீசெட் செய்கிற டைமர்) இயக்குங்கள். அதற்கு உயிர்த்துடிப்பு கொடுக்கிற வேலை உங்கள் முக்கியமான லூப்புக்குள் இருக்க வேண்டும். தனி த்ரெட்டில் வைத்தால், மெயின் வேலை உறைந்துபோனாலும் த்ரெட் மட்டும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அப்பா பக்க நியாயம். ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோட் ரிலேயும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் அப்படியே இருக்க வேண்டும், உங்கள் லினக்ஸ் அவற்றைத் தாண்டி மோட்டாரை ஓட்டக்கூடாது. மோட்டாரைக் காப்பாற்றுகிற வேலை லினக்ஸின் வேலை இல்லை. ரிலே போர்டையும் பாருங்கள். சந்தையில் கிடைக்கிற பாதி ரிலே போர்டுகள் சிக்னல் சுழியமானால் ஆன் ஆகிறவை. ராஸ்பெர்ரி பை எழுந்திருக்கும்போது பின் 0 முதல் 8 வரை மேலே இழுத்த நிலையிலும், 9 முதல் 27 வரை கீழே இழுத்த நிலையிலும் இருக்கும். தப்பான பின்னில் கொடுத்தால் கரண்ட் வந்ததும் உங்கள் புரோகிராம் தொடங்குமுன்னே மோட்டார் ஒரு தடவை தட்டும். ஆள் கிணற்றுக்குள் இறங்கி நிற்கிற நேரமாக இருந்தால்? வெளியே ஒரு ரெசிஸ்டர் போட்டு அணைந்த நிலையை உறுதிசெய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும், வயலுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் ஒரு டைமர் ரிலே வைத்து, ராத்திரி முழுக்கப் பெட்டியின் கரண்டை எக்குத்தப்பான நேரங்களில் வெட்டி வெட்டிக் கொடுங்கள். காலையில் தானாக ஓடிக்கொண்டிருந்தால் கொண்டுபோகலாம். பெட்டியின் கேபிள் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும், கிளாண்டு போட்டு இறுக்குங்கள். மோட்டார் ரூமில் பல்லிக்கும் எறும்புக்கும் சூடான இடம் என்றால் அவ்வளவு பிரியம்.

கேள்வி: அண்ணாச்சி, ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைகளில் எனர்ஜி மீட்டரில் இருந்து ஆர்எஸ்-485 கம்பியில் மோட்பஸ் என்கிற தொடர்பு முறை வழியாக டேட்டா எடுத்து, 4ஜி வழியாக அனுப்புகிற கேட்வே நாற்பது போட்டிருக்கிறோம். ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பைக்கில் ஒவ்வொன்றாகப் போகவேண்டியிருக்கிறது. எஸ்எஸ்எச் (தூரத்தில் இருந்தே பெட்டிக்குள் லாகின் செய்கிற வழி) வழியாக ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அப்டேட் பண்ணிவிடலாம் என்று கூட வேலை பார்க்கிறவர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், பணகுடி

பதில்: தம்பி, அந்த ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். ஃபைலை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வரும்போது பாதியில் டவர் போனால், பாதி பழசு பாதி புதுசாக ஒரு பெட்டி அங்கே நிற்கும். அந்த நிலையை நீங்கள் மேசையில் ஒருநாளும் சோதித்திருக்க மாட்டீர்கள். பேக்கேஜ் மேனேஜரை வைத்து முழு அப்கிரேடு ஓட்டுவதும் இதே ஆபத்துதான்.

இதற்கென்றே நிலைத்த முறை ஒன்று இருக்கிறது. சேமிப்பில் ஒரே அளவில் இரண்டு ரூட் பார்ட்டிஷன், ஏ என்றும் பி என்றும். ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய இமேஜை முழுசாக பி-யில் எழுத வேண்டும். எழுதி முடித்து, சரிபார்த்து, கடைசியில் லினக்ஸைத் தொடங்கி வைக்கிற பூட்லோடரிடம் 'அடுத்த தடவை பி' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நடுவில் கரண்ட் போனாலும் டவர் போனாலும் ஏ தொடப்படாமல் இருக்கிறது. யூ-பூட் என்கிற பூட்லோடரில் பூட் கவுன்ட் என்று ஒரு வசதி உண்டு: புதியது சொன்ன தடவைக்குள் ஒழுங்காக எழுந்து 'நான் நல்லா இருக்கேன்' என்று குறித்து வைக்கவில்லை என்றால் தானாகப் பழையதுக்குத் திரும்பிவிடும். இதை எல்லாம் நீங்களே எழுதவேண்டாம். ரௌக், எஸ்டபிள்யூஅப்டேட், மெண்டர் என்று மூன்றும் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கின்றன. மெண்டரில் சர்வர் பக்கமும் சேர்ந்தே வருகிறது. நாற்பது பெட்டிக்கு என் கை ரௌக்குக்குத்தான் போகும். கையொப்பம் இல்லாத இமேஜை அது ஏற்றுக்கொள்ளவே செய்யாது, அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

'நல்லா இருக்கேன்' என்பதை எப்போது குறிப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். புரோகிராம் ஓடுகிறது என்பது போதாது. மீட்டரில் இருந்து ஒரு தடவையாவது சரியான எண் வந்து, அது சர்வருக்குப் போய், சர்வர் பெற்றுக்கொண்டேன் என்று பதில் சொன்ன பிறகுதான் குறிக்க வேண்டும். அதே நேரம், உங்கள் சர்வரே அந்த ராத்திரி படுத்திருந்தால் நல்ல அப்டேட்டும் திரும்பிவிடும். அதனால் தொடங்குமுன் பழைய மென்பொருளில் சர்வர் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். செட்டிங், சேர்ந்த டேட்டா எல்லாம் மூன்றாவதாக ஒரு பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். புதிய பதிப்பு அந்த செட்டிங்கின் வடிவத்தை மாற்றிவிட்டால், திரும்பி வந்த பழைய பதிப்புக்கு அது புரியாது. பழையதைக் கலைக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

நாற்பதையும் ஒரே நேரத்தில் தொடவே வேண்டாம். முதலில் மேசையில் ஒன்று, அப்புறம் பைக்கில் கால் மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்தில் இரண்டு, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து மிச்சம். மே மாதத்தில் இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அடித்துத் தள்ளுகிற சீசன். அப்போது ஒரு கேட்வே நின்றால் முதலாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தை, மாசியில் அப்டேட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

டவர் இல்லாத நேரத்து டேட்டாவுக்கும் வழி செய்திருக்கிறீர்களா? 2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, நம்ம பக்கமும் பல ஊர்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த மாதிரி நாளில் கேட்வே ஒவ்வொரு அளவையும் எடுத்த நேரத்தோடு வரிசையில் சேர்த்து வைத்து, தொடர்பு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப வேண்டும். வரிசை நிறைந்தால் எதை விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, நாற்பது பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற மால்வேர், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. உள்ளே இருந்ததில் பெரும்பாலானவை லினக்ஸ்தான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கீ, பாஸ்வேர்டு லாகின் அடைப்பு, வெளியே இருந்து உள்ளே வர எந்த போர்ட்டும் திறக்காமல் பெட்டியே வெளியே போய் இணைகிற மாதிரி வயர்கார்டு விபிஎன். 2020-ல் 5.6 பதிப்பிலிருந்து அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: யோக்டோவா, பில்ட்ரூட்டா? ஒரே போர்டு, நாங்கள் மூன்று பேர்.
— வாசகர், கங்கைகொண்டான்

பதில்: ஒரே போர்டு, மூன்று பேர் என்றால் பில்ட்ரூட். மெனுவில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து மேக் கொடுத்தால் டூல்செயின், கெர்னல், ரூட் ஃபைல் சிஸ்டம் எல்லாம் ஒரு சாயங்காலத்துக்குள் கைக்கு வந்துவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் ஒரு வாரத்தில் புரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கான்ஃபிக்கில் ஒரு பேக்கேஜை எடுத்துவிட்டால் பழைய இமேஜில் இருந்து அது தானாகப் போகாது, முழுக்கச் சுத்தம் செய்து மறுபடி கட்ட வேண்டும். சோம்பல்பட்டு விட்டால், நீங்கள் நினைக்கிற இமேஜும் போர்டில் இருக்கிற இமேஜும் வேறு வேறாகிவிடும்.

நாளைக்கு நாலைந்து வகை போர்டு, வாடிக்கையாளருக்கு ஒரு விதம் என்று விரியப் போகிறது என்றாலோ, சிப் கம்பெனி தன் கெர்னலையும் டிரைவர்களையும் யோக்டோ லேயராக மட்டும்தான் தருகிறது என்றாலோ யோக்டோவுக்கே போங்கள். கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும், அதைக் கணக்கில் வையுங்கள். நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பையே எடுங்கள். 2022-ல் வந்த கர்க்ஸ்டோன், 2024-ல் வந்த ஸ்கார்த்கேப் அந்த வகை, வெளிவந்ததில் இருந்து நாலு வருடம் திருத்தங்கள் கிடைக்கும், எவ்வளவு காலம் மிச்சம் என்று பார்த்து எடுங்கள். டிஸ்கில் நூறு ஜிபிக்கு மேல் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். டவுன்லோடு டைரக்டரியையும் எஸ்ஸ்டேட் கேஷையும் (ஏற்கெனவே கட்டியவற்றின் சேமிப்பு) மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்தால், முதல் ஆளுக்கு மணிக்கணக்கில் ஓடிய பில்ட் அடுத்த ஆளுக்கு நிமிடங்களில் முடியும்.

கேள்வி: வாழைத்தோட்டத்தில் மழை, வெயில், மண் ஈரம் பார்க்கிற சின்ன ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் பெட்டியின் தேதி பின்னால் போய்விடுகிறது. சர்வரோடு இணையவும் மாட்டேன் என்கிறது, சர்டிஃபிகேட் தப்பு என்கிறது. சர்டிஃபிகேட்டை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லை.
— வாசகர், களக்காடு

பதில்: அண்ணாச்சி, சர்டிஃபிகேட் சரியாகத்தான் இருக்கும். உங்கள் பெட்டிக்குத் தேதி தெரியவில்லை. ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் போர்டில் நேரம் காக்கிற கடிகாரச் சிப்பே கிடையாது. கடைசியாக ஃபைலில் குறித்து வைத்த நேரத்தில் இருந்து தொடங்கும், இணையம் கிடைத்த பிறகு திருத்திக்கொள்ளும். பெட்டி நினைக்கிற தேதி சர்டிஃபிகேட் தொடங்குகிற தேதிக்கு முன்னால் இருந்தால் இணைப்பை மறுக்கத்தான் செய்யும். பை 5-ல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

டிஎஸ்3231 என்கிற சின்ன மாட்யூல் வாங்கி ஐ-ஸ்கொயர்-சி பின்னில் மாட்டி, கான்ஃபிக்கில் அதற்கான ஓவர்லேயைச் சேர்த்தால் போதும். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கிற நீல நிற மாட்யூல்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற சர்க்யூட் இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 பட்டன் செல்லைப் போட்டால், சார்ஜ் ஆகக் கூடாத செல் சார்ஜ் ஆகி உப்பும், வெடிக்கவும் கூடும். எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஆகிற வகையைப் போடுங்கள். இல்லை என்றால் அந்தச் சார்ஜ் பாதையில் உள்ள டயோடையோ ரெசிஸ்டரையோ எடுத்துவிடச் சொல்லுங்கள், எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்க் கடையில் ஐந்து நிமிட வேலை.

புரோகிராமிலும் இரண்டு திருத்தம். 'பத்து நிமிடம் ஆனதா' என்று பார்க்கிற இடத்தில் சுவர்க் கடிகார நேரத்தைப் பயன்படுத்தாமல் மோனோடானிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள், தேதி முன்னே பின்னே குதித்தாலும் அது குதிக்காது. நேரம் உறுதியாகாத நிலையில் எடுத்த அளவுகளுக்கு ஒரு குறி போட்டு வையுங்கள். எந்த நாள் எவ்வளவு மழை என்று பின்னால் பார்க்கும்போது தப்பான தேதியில் ஒரு நாள் மழை ஏறியிருந்தால், உரம் வைத்த கணக்கே மாறிப்போகும்.

கேள்வி: வண்டிகளில் மாட்டுகிற டிராக்கிங் பெட்டி செய்து விற்கிறேன். உள்ளே பில்ட்ரூட், பிஸிபாக்ஸ் (லினக்ஸ் கட்டளைகளின் சின்னத் தொகுப்பு), என் சொந்த அப்ளிகேஷன். வாங்கிய ஒருவர் சோர்ஸ் கோடு வேண்டும் என்கிறார். கொடுத்தே ஆகணுமா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: கெர்னலுக்கும் பிஸிபாக்ஸுக்கும் கொடுத்தே ஆகணும். இரண்டும் ஜிபிஎல் என்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பில் வருபவை. நீங்கள் எந்தப் பதிப்பை வைத்துக் கட்டினீர்களோ அந்த சோர்ஸ், அதில் நீங்கள் செய்த மாற்றம், கட்டுவதற்கான ஸ்கிரிப்ட், எல்லாம் சேர்த்து. உங்கள் சொந்த அப்ளிகேஷன் தனி புரோகிராமாக ஓடுகிற வரை அதைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கெர்னலுக்குள் ஏறுகிற டிரைவர் எழுதியிருந்தால் அது வேறு விஷயம், அதைத் திறந்தே வைப்பதுதான் என் கருத்து. பிஸிபாக்ஸை வைத்து 2007-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டிருக்கிறார்கள், அதற்கப்புறமும் பல வழக்குகள். பில்ட்ரூட்டில் 'லீகல் இன்ஃபோ' என்று ஒரு மேக் இலக்கு இருக்கிறது. ஓட்டினால் சோர்ஸ், லைசென்ஸ் எல்லாம் ஒரே டைரக்டரியில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதை ஓட்டி எடுத்து வையுங்கள், கேட்கிற அன்றைக்குத் தேடி அலைய வேண்டாம். கேட்டவருக்கு மரியாதையாகக் கொடுங்கள். நீங்கள் இலவசமாக எடுத்து வியாபாரம் செய்கிற பொருளுக்கு அவ்வளவுதான் விலை.

கேள்வி: நான் பைத்தானில் எழுதுகிறேன். எம்பெடட் என்றால் சி-யில்தான் எழுதணும், பைத்தான் எல்லாம் விளையாட்டு என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சரியா?
— வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: சரி இல்லை தம்பி. ராம் 512 எம்பி இருந்து, நொடிக்கு ஒரு தடவை சென்சார் படித்து எம்க்யூடிடியில் (சின்னச் செய்திகள் அனுப்புகிற முறை) அனுப்புகிற வேலைக்குப் பைத்தான் தாராளம். ராம் 64 எம்பி என்றால் வேறு மொழி பாருங்கள். கோ மொழியில் சிகோவை (சி கோடைச் சேர்க்கிற வசதி) அணைத்துவிட்டுக் கட்டினால் எந்த லைப்ரரியும் தேடாத ஒரே ஃபைலாக வரும், லேப்டாப்பில் இருந்தே ஆர்முக்குக் கட்டலாம், மேலே பாளையங்கோட்டைத் தங்கச்சி பட்ட பாடு இருக்காது. மைக்ரோ செகண்டு கணக்கில் நேரம் தவறக்கூடாத வேலை என்றால், சி-யில் எழுதினாலும் சாதாரண லினக்ஸ் அதற்கு உறுதி தராது. ரியல் டைம் திருத்தங்கள் 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் சேர்ந்துவிட்டன, அது பெரிய விஷயம். இருந்தாலும் பல்ஸ் எண்ணுவது, மோட்டார் ஸ்டெப் கொடுப்பது மாதிரி வேலையைப் பக்கத்தில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரிடம் கொடுத்துவிட்டு, லினக்ஸில் மிச்சத்தைப் பார்ப்பதுதான் எனக்கு நிம்மதியான வழி. பைத்தானில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: இடத்தில் மாட்டிய பெட்டியில் போய் பிப் இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். தேவையான லைப்ரரிகளை எல்லாம் பதிப்பு எண்ணோடு பூட்டி, இமேஜ் கட்டும்போதே உள்ளே வைத்துவிடுங்கள்.